ஒன்றேகால் மடங்கு

லிஃப்ட் இன்ஸ்பெக்டரை முகத்துக்கு நேரே எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் லென்ஸ். புதுக் கயிறு மாட்டியிருக்கிறோம் சார் என்று மெக்கானிக் சொன்னால், பழைய கயிறு எங்கே, காட்டு என்பார். காட்டினால், இது இந்த லிஃப்ட் கயிறுதான் என்று என்ன நிச்சயம் என்பார். வீட்டிலும் அதே கதைதான். கதவைப் பூட்டிவிட்டேன் என்று மனைவி சொன்னால், திரும்பிப் போய் ஒரு தடவை இழுத்துப் பார்க்காமல் படி இறங்கமாட்டார். இருபத்தாறு வருஷமாக இழுத்துப் பார்க்கிறார். ஒரு தடவைகூடப் பூட்டு திறந்துகொண்டதில்லை. ஆனாலும் மனுஷனுக்குத் திருப்தி வந்ததா என்றால், அதுதான் இல்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் லிஃப்ட் பள்ளத்தில் விழுந்தார். கூண்டு வந்து நிற்கும் கடைசித் தளத்துக்கும் கீழே ஓர் ஆள் உயரத்துக்குப் பள்ளம் இருக்கும். இரும்பு ஏணி வழியாக அதில் இறங்கி, டார்ச் அடித்து, அடியில் இருப்பதையெல்லாம் பார்த்தால்தான் அவருடைய சோதனை முடியும். அன்றைக்கு ஏணியின் நாலாவது படியில் கிரீஸ் இருந்தது. வலது பாதம் கீழே இருந்த இரண்டு ஸ்பிரிங்குகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் தனியாகத் திரும்பியது. பாதம் ஒரு திசையையும் முழங்கால் இன்னொரு திசையையும் பார்க்கக் கிடந்தார். மேலே நின்ற மெக்கானிக் ஐயோ சார் என்று அலறினான்.

"கிரீஸ் தடவினது யாரு?" இதுதான் லென்ஸ் சொன்ன முதல் வார்த்தை. அதற்கப்புறம்தான் மயக்கம் போட்டார்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் ஒரு பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் மூன்றோடு நிறுத்திக்கொள்கிற ரகம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கணுக்கால் மூணு பக்கமும் உடைஞ்சிருக்கு. மூட்டும் நழுவியிருக்கு. இன்னைக்கு இழுத்து நேரா வச்சு, வெளியிலேருந்து கம்பி போட்டு நிறுத்திடறேன். பிளேட்டெல்லாம் அப்புறம்."

"அப்புறம்னா எப்போ டாக்டர்?"

"வீக்கம் வத்தணும். தோல்ல சுருக்கம் விழணும். அதுக்கு முன்னாடி வெட்டினா தையல் மூடாது, புண்ணு அழுகிடும்."

"நான் மறுபடி பள்ளத்துல இறங்கலாமா?"

"இப்போ சொல்ல முடியாது."

லென்ஸுக்கு அந்த ஒரு கேள்விதான் முக்கியம். அவருடைய இலாகாவில் ஒரு விதி உண்டு. அடிபட்ட இன்ஸ்பெக்டர் ஒன்பது மாதத்துக்குள், பள்ளம் இறங்கத் தகுதி என்று டாக்டர் கையெழுத்தோடு திரும்ப வேண்டும். வராவிட்டால் பழைய கோப்பு அறைதான். அப்புறம் ஓய்வு பெறும்வரை அங்கேயேதான். ஜன்னல் இல்லாத அந்த அறையில் இப்போது இருப்பவர் காலையில் வந்ததும் முதல் வேலையாக மத்தியானத்துக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று பார்ப்பாராம்.

பத்து நாள் போனது. எலும்புக்குள் குத்தி நிறுத்திய நாலு கம்பிகளும், அவற்றைச் சேர்க்கும் தண்டுகளுமாகக் கால் தலையணை மேல் உயரத்தில் கிடந்தது. தினமும் காலையில் டாக்டர் வருவார். தோலை விரலால் கிள்ளிப் பார்ப்பார். இன்னும் இல்லை என்பார். போய்விடுவார்.

"உடைஞ்சது எலும்பு. இவங்க தோலைப் பார்த்துட்டுப் போறாங்க," என்றார் லென்ஸ்.

"அவங்களுக்குத் தெரியாதாங்க?" என்றாள் மனைவி. தபால் அலுவலகக் கவுண்டரில் வேலை பார்க்கிறவள். காலையில் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்திருப்பாள். நாள் முழுக்க ஜனங்களோடு மல்லுக்கட்டி, யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று முகத்தைப் பார்த்தே சொல்லக் கற்றவள். டாக்டரைப் பார்த்த முதல் நாளே நம்பலாம் என்று முடிவு செய்துவிட்டாள்.

அவள் தம்பி வேறு மாதிரி. கோர்ட்டில் டைப்பிஸ்ட். ஊரில் நடக்கும் வம்புதும்பெல்லாம் அவன் விரல் வழியாகத்தான் காகிதத்துக்கு வரும். அதனாலேயே உலகத்தில் எல்லோரும் ஏதோ ஒரு வழக்கில் எதிராளிதான் என்று ஒரு எண்ணம் அவனுக்கு.

"அத்தான், எனக்கென்னமோ சரியாப் படலை," என்று கட்டிலுக்கு மேல் குனிந்து கிசுகிசுத்தான். "இந்த மாதிரி காலை இவங்க இதுக்கு முன்னாடி பண்ணியிருக்காங்களான்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்காமல் விட்டுவிட்டோமே என்று லென்ஸுக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

பதினோராம் நாள் டாக்டர் கிள்ளிய இடத்தில் தோல் சுருங்கியது. மறுநாள் அறுவை நடந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து எக்ஸ்ரே படம் கைக்கு வந்தது. அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பார்த்தவருக்குச் சப்த நாடியும் ஒடுங்கிவிட்டது. வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பின் மேல் ஒரு பிளேட்டு. அதில் எட்டு ஓட்டை. ஸ்க்ரூ ஆறுதான்! போதாக்குறைக்கு அந்த ஆறில் ஒன்று மற்றதைப்போல் இல்லாமல் நீளமாக, இந்த எலும்பைத் துளைத்துக்கொண்டு பக்கத்து எலும்புக்குள்ளும் போயிருந்தது.

நீங்களோ நானோ அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் அடேயப்பா, இவ்வளவு இரும்பா என்று வைத்துவிட்டிருப்போம். லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தைச் சுவரோடு பிடித்திருக்கும் தாங்கியில் ஒரே ஒரு போல்ட் குறைந்தாலும் சிவப்பு அட்டை ஒட்டி லிஃப்டை நிறுத்திவிடுகிற மனுஷர் அவர். ஓட்டை காலியாக இருந்தால் வேலை பாக்கி இருக்கிறது என்பதுதான் அவர் படித்த பாடம்.

"டாக்டர், ரெண்டு ஓட்டை காலியா இருக்கே?"

"தேவையான இடத்துலதான் போடுவோம்."

"தேவையில்லாத இடத்துல எதுக்கு ஓட்டை?"

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே பதினான்கு பேர் காத்திருந்தார்கள். "பிளேட்டு அப்படித்தான் வரும்," என்றார்.

"அந்த நீள ஸ்க்ரூ?"

"ரெண்டு எலும்பையும் சேர்த்துப் பிடிக்கறது. எடை போடாம இருந்தா நிக்கும். காலைக் கீழே ஊனாதீங்க. நான் சொல்ற வரைக்கும்."

பதில் சொன்னாரா, தட்டிக்கழித்தாரா? லென்ஸுக்கு அதில் சந்தேகமே இல்லை. அவருக்குச் சந்தேகம் இல்லாமல் போன ஒரே விஷயம் அதுதான்.

வீட்டுக்கு வந்தார். ஆறு வாரம் கால் தரையைத் தொடவில்லை. அது மட்டும் சத்தியம். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து குளியலறை, எல்லாம் கக்கத்தில் வைக்கும் கட்டைகளின் துணையோடு ஒற்றைக் காலில்தான். கையில் அந்த எக்ஸ்ரே. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அந்த இரண்டு ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். படம் விரல்பட்டு ஓரமெல்லாம் மங்கிவிட்டது.

ஆறாவது வாரம் பரிசோதனைக்குப் போனபோது, பிசியோதெரபிக்காரர் ஒரு எடை மெஷினைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். முள் வைத்த பழைய மாதிரி மெஷின்.

"கட்டையை ஊனிக்கிட்டு, வலது காலை இதுமேல மெதுவா அழுத்துங்க சார். முள்ளு இருபதைத் தாண்டக்கூடாது. இருபது கிலோ எப்படி இருக்கும்னு காலுக்குப் பழகணும். வீட்டுலயும் ஒண்ணு வச்சுக்கோங்க. ரெண்டு வாரத்துக்கு இருபதுதான். அப்புறம் டாக்டர் சொல்லுவாங்க."

லென்ஸ் அழுத்தினார். முள் இருபதில் நின்றது. வலியில்லை. ஏதோ ஒரு நல்ல நாள் மாதிரிதான் தோன்றியது, கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்க்கும்வரை.

வராந்தாவில் அவர் மனைவியும் டாக்டரும் நின்றுகொண்டிருந்தார்கள். மனைவி தாழ்ந்த குரலில் ஏதோ சொல்கிறாள். முகம் வாடியிருக்கிறது. டாக்டர் மெல்லத் தலையை இடமும் வலமுமாக ஆட்டுகிறார். மனைவியின் தோளில் கை வைக்கிறார். அதற்கு என்ன அர்த்தம்? எந்த டாக்டர் எப்போது தோளில் கை வைப்பார்?

"என்ன பேசினே?" என்றார், வண்டியில் வரும்போது.

"ஒண்ணுமில்லீங்க. சும்மாத்தான்."

"சும்மாவா தோள்ல கை வச்சாங்க?"

"அட, விடுங்களேன்!"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லென்ஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கால் தேறாது. இரண்டு பேருக்கும் தெரியும். அவருக்குத்தான் சொல்லவில்லை. கோப்பு அறையை அவருக்காகத் தயார் செய்துவிட்டு, நாள் கடத்துகிறார்கள்.

ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அடுத்த புதன்கிழமை மனைவி வேலைக்குக் கிளம்பிப் போனதும் எழுந்தார்.

லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. புது லிஃப்ட் ஆயிரம் கிலோ தாங்கும் என்று கம்பெனிக்காரன் எவ்வளவுதான் சத்தியம் செய்தாலும், காகிதம் நீட்டினாலும், இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொள்ளமாட்டார். இரும்புக் கட்டிகளைக் கூண்டுக்குள் அடுக்கி, ஆயிரத்து இருநூற்று ஐம்பது கிலோ ஏற்றச் சொல்வார். ஒன்றேகால் மடங்கு. அந்தப் பாரத்தோடு கூண்டு நின்றால்தான் பாஸ். நிற்காவிட்டால் கம்பெனிக்காரன் அழுதாலும் கிடையாது. ஊரை ஏமாற்றலாம், ஒன்றேகால் மடங்கை ஏமாற்ற முடியாது என்று அவரே நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

அவருடைய எடை எழுபத்திரண்டு. கூடக் கால் பங்கு பதினெட்டு. இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை மேஜை மேல் வைத்து, குவளையால் முகந்து ஊற்றி, சரியாகப் பதினெட்டு லிட்டருக்கு நிரப்பினார். கேனின் எடை வேறு இருக்கிறதே என்று யோசித்து, ஒரு குவளைத் தண்ணீரைத் திரும்ப எடுத்தார். என்ன மனுஷன் பாருங்கள்! காலை உடைத்துக்கொள்ளப் போகிறார், அதிலும் கணக்குத் தப்பக்கூடாது.

எடை மெஷினைச் சுவரோரம் தள்ளினார். முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். வலது பாதத்தை மெஷின் மேல் வைத்தார். கேனை மார்போடு கட்டிக்கொண்டார். கட்டைகளை விட்டார். இடது காலைத் தூக்கினார்.

முள் பதறிக்கொண்டு ஓடியது. ஐம்பது, எழுபது, எண்பத்தைந்து. தொண்ணூறில் போய் நின்றது. லென்ஸ் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. கால் நின்றது! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. வலியால் இல்லை, சந்தோஷத்தால். நாலு, ஐந்து. ஆறு என்று சொல்ல வாயெடுத்தபோது கணுக்காலுக்குள் டக் என்று ஒரு சத்தம். காதால் கேட்டாரா, எலும்பால் கேட்டாரா தெரியாது. கேன் கீழே விழுந்து அறை முழுக்கத் தண்ணீர்.

மனைவி சாயங்காலம் வரும்போது தரை துடைத்திருந்தது. ஒற்றைக் காலில் நின்று அவரே துடைத்திருந்தார். மறுநாள் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது.

"தூங்கி எழுந்தேன், இப்படி இருக்கு," என்றார்.

ஆஸ்பத்திரியில் புது எக்ஸ்ரே எடுத்தார்கள். நீள ஸ்க்ரூ நடுவில் இரண்டாக முறிந்திருந்தது. இரண்டு எலும்புக்கும் நடுவில் இருந்த இடைவெளி கொஞ்சம் அகன்றிருந்தது. டாக்டர் வெகுநேரம் படத்தையே பார்த்தார்.

"இருபதுக்கு மேல எடை போட்டீங்களா?"

"இல்லை டாக்டர்."

"எங்கயாவது விழுந்தீங்களா? கால் மடங்கிச்சா?"

"அதெல்லாம் இல்லை."

லென்ஸ் அடுத்த கேள்விக்குத் தயாராக இருந்தார். புதன்கிழமை என்ன செய்தீர்கள், மெஷினில் எத்தனை தடவை ஏறினீர்கள், யார் கூட இருந்தது, எல்லாவற்றுக்கும் பதில் யோசித்து வைத்திருந்தார். ஆனால் ஒரு கேள்வியும் வரவில்லை. டாக்டர் பேனாவை எடுத்து, எடை போடவில்லை என்று கோப்பில் எழுதினார். அவ்வளவுதான். லென்ஸுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. லோடு ஏத்தவே இல்லை சார் என்று எத்தனை மெக்கானிக் அவர் எதிரே நின்று சொல்லியிருப்பான்! ஒருத்தன் சொன்னதையாவது அவர் அப்படியே எழுதியிருக்கிறாரா?

"அப்படின்னா உள்ளே என்னமோ தப்பா இருக்கு," என்றார் டாக்டர். "எடை போடாம இந்த ஸ்க்ரூ ஏழாவது வாரத்துல முறியக் கூடாது. எலும்புல கிருமி இருக்கலாம். இல்லை, நான் மாட்டினதுல குறை இருக்கலாம். எல்லாத்தையும் கழட்டி, சுத்தம் பண்ணி, முதல்லேருந்து வரணும்."

"அப்புறம்?" என்றாள் மனைவி.

"மூட்டு கெட்டிருந்தா, அசையாம ரெண்டு எலும்பையும் ஒண்ணா சேர்க்க வேண்டி வரும். நடப்பாரு. ஏணி ஏறி இறங்கறது கஷ்டம்."

வெளியே வந்ததும் மனைவி அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள்.

"நீங்க அப்பவே சொன்னீங்க. ரெண்டு ஓட்டையை விட்டுட்டாங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டீங்க. நான்தான் அந்தம்மாவைத் தெய்வம் மாதிரி நினைச்சேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, நீங்கள் சொன்னதுதான் சரி என்று மனைவி சொல்கிறாள். இல்லைம்மா, நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. சொல்லவில்லை.

மச்சான் சும்மா இருப்பானா? கேட்டவுடன் அவனுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. மறுநாளே மூன்று பக்கத்துக்குப் புகார் அடித்துக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரி மேலிடத்துக்கு. மேற்படி நோயாளி மருத்துவரின் அறிவுரையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றி, ஒரு கிலோ எடையும் கூடுதலாகப் போடாத நிலையில், என்று இரண்டாம் பத்தி தொடங்கியது.

"இந்த இடம் கொஞ்சம் திருத்தணுமே," என்றார் லென்ஸ்.

"எந்த இடம் அத்தான்?"

"எழுத்துக்கு எழுத்துங்கறது... கொஞ்சம் அதிகமா இல்லை?"

"அதிகமா எழுதினாத்தான் அத்தான் கொஞ்சமாவது கேப்பாங்க! போடுங்க கையெழுத்தை."

மனைவி பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினாள். லென்ஸ் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு முழுக்க அவரால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

திங்கட்கிழமை படுக்கையில் சேர்த்தார்கள். செவ்வாய் மத்தியானம் அறுவை. செவ்வாய் காலை, வலது காலில் மையால் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டு நர்ஸ் நகர்ந்ததும், டாக்டர் உள்ளே வந்தார். கையில் அந்த மூன்று பக்கம். கூடவே பிசியோதெரபிக்காரர். மனைவி எழுந்து நின்றாள், ஆனால் வணக்கம் சொல்லவில்லை.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"உங்க புகார் படிச்சேன்," என்றார். "அதுல ஒண்ணு சரி. அன்னைக்கு ஓட்டையைப் பத்திக் கேட்டீங்க. நான் ஒழுங்கா பதில் சொல்லலை. அது என் தப்பு."

புகார்த் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் வரைந்தார். எலும்பு, பிளேட்டு, எட்டு ஓட்டை.

"இந்த ரெண்டு ஓட்டைக்கும் கீழே எலும்பு நொறுங்கிப் போயிருந்துச்சு. அங்க ஸ்க்ரூ போட்டா இருக்கற துண்டும் சிதறிடும். அதனால மேலயும் கீழயும் நல்ல எலும்பைப் பிடிச்சு, நடுவுல தாண்டிப் போனேன். இந்த நீள ஸ்க்ரூ, ரெண்டு எலும்பையும் கட்டற நார் ஆறுற வரைக்கும் ஒரு முட்டு. ஆறாம நடந்தா முறியும். சிலருக்கு ஆறின பிறகு நடக்கும்போதுகூட முறியும். அதனால பெரிய மோசமில்லை. ஆனா நீங்கதான் நடக்கவே இல்லையே." பேனாவை மூடினார். "அதான் எனக்குப் புரியலை. ரத்தத்துல கிருமி இல்லை. காய்ச்சல் இல்லை. நாலு நாளா யோசிக்கறேன். எங்க தப்புப் பண்ணினேன்னு எனக்கே தெரியலை."

அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம். நாலு நாளாகத் தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. லென்ஸ் அதைப் பார்த்தார். ஐயோ பாவி, ஒரே ஒரு தடவை, நிஜமாவா என்று கேட்கக்கூடாதா? கேட்டால் எவ்வளவு சுலபம்! கேட்கவே மாட்டேன் என்கிறாரே!

"டாக்டர்," என்றார். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டாக்டர், எடை போட்டேன்."

டாக்டர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எவ்வளவு?"

"தொண்ணூறு."

"நீங்க எழுபத்திரண்டுதானே?"

"தண்ணிக் கேனைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். எங்க வேலைல ஒன்றேகால் மடங்கு ஏத்தித்தான் பாஸ் போடுவோம். தாங்குதான்னு பார்த்தேன்."

பிசியோதெரபிக்காரர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. மனைவி பொத்தென்று கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எதுக்குங்க? எதுக்கு?"

"நீயும் அவங்களும் வெளியில நின்னு பேசினீங்களே! அவங்க தலையை ஆட்டினாங்க. உன் தோள்ல கை வச்சாங்க. எங்கிட்ட ஒண்ணுமில்லைன்னே. கால் போச்சுன்னு நினைச்சேன்."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரரு நச்சுநச்சுன்னு கேள்வி கேட்டு உங்க உயிரை எடுக்கறாரு, மனசுல வச்சுக்காதீங்கன்னு சொன்னேன். அதெல்லாம் இல்லைம்மான்னு தலையாட்டினாங்க. அதை உங்ககிட்ட எந்த வாயால சொல்லச் சொல்றீங்க?"

டாக்டர் சிரிக்கவில்லை. எக்ஸ்ரேயை இன்னொரு தடவை வெளிச்சத்தில் பார்த்தார். "தொண்ணூறு கிலோவுக்குப் பிளேட்டு அசையலை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் கோப்பைத் திறந்தார். எடை போடவில்லை என்று தான் எழுதியிருந்த வரியை ஒரே கோடாக அடித்தார். பெரிய அறுவை ரத்து. முறிந்ததை எடுத்துவிட்டுப் புது ஸ்க்ரூ மட்டும். மூட்டை அப்படியே விட்டுவிடலாம். எல்லாவற்றையும் எழுதி முடித்து எழுந்தார்.

"இன்னைக்கு நீங்க சொல்லாம இருந்திருந்தா, நல்லா இருக்கற மூட்டைக் கழட்டியிருப்பேன்," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. லென்ஸுக்கு அதுதான் தாங்கவில்லை.

புகாரை வாபஸ் வாங்கும் கடிதத்தை மனைவியே கைப்பட எழுதினாள். தம்பி அடித்துத் தருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டாள். கணவரோடு ஒரு வாரம் பேசவில்லை. காலை உடைத்துக்கொண்டதற்காக இல்லை. ஒரு குற்றமும் செய்யாதவளைத் தன்னையே சபித்துக்கொள்ள வைத்தாரே, அதற்காக.

சின்ன அறுவை நன்றாக முடிந்தது. நார் ஆறியது. இந்தத் தடவை லென்ஸ் இருபது என்றால் இருபதுதான், நாற்பது என்றால் நாற்பதுதான். ஆறாம் மாதம் கட்டைகளை விட்டார். ஏழாம் மாதம் தெருக்கோடி வரை நடந்தார். காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் கணுக்கால் மரக்கட்டையாக இருக்கும், அப்புறம் இளகிவிடும். முழுசாகக் குந்தி உட்கார முடியாது. இறங்கும்போது பாதம் சற்று வெளிப்பக்கம் திரும்பும். ஆனால் இறங்க முடியும். அது அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஒன்பதாம் மாதம் முடிய எட்டு நாள் இருந்தபோது, இலாகாவின் படிவத்தோடு போனார். மனைவியும் வந்தாள். மாவுக்கட்டு போடும் அறையில் சுவரோரம் பரண் ஏறும் இரும்பு ஏணி ஒன்று இருந்தது. ஆறு படி.

"வீட்டுல ஏணி ஏறிப் பார்த்தீங்களா?" என்றார் டாக்டர்.

"இல்லை டாக்டர். நீங்க சொல்லாம ஏறக்கூடாதுன்னு ஏறலை."

அது சத்தியம். டாக்டர் பேனாவை எடுத்தார், ஆனால் எழுதவில்லை. மனைவியைப் பார்த்தார். "ஏறினாராம்மா?"

"எனக்கு எப்படித் தெரியும் டாக்டர்? நான் வேலைக்குப் போயிடறேனே."

"சரி. ஏறி இறங்குங்க, பார்ப்போம்."

லென்ஸ் ஏறினார். இறங்கினார். பிடித்துக்கொண்டு, நிதானமாக, ஒவ்வொரு படியாக. வலியில்லை. நிஜமாகவே இல்லை. ஒன்பது மாதமாக அவர் காத்திருந்தது இதற்குத்தான். தரைக்கு வந்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வலிச்சுதா?"

"துளிகூட இல்லை டாக்டர்."

டாக்டர் மறுபடி மனைவி பக்கம் திரும்பினார். "வலிக்குதாம்மா அவருக்கு?"

லென்ஸ் மனைவியைப் பார்த்தார். சொல்லு, சொல்லேன் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவளுக்கும் சொல்ல ஆசைதான். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

"தெரியலையே டாக்டர்," என்றாள்.

"இன்னொரு தடவை," என்றார் டாக்டர்.

ஏறினார், இறங்கினார். இல்லை என்றார். இன்னொரு தடவை என்றார் டாக்டர். ஏறினார், இறங்கினார். வேர்த்துக் கொட்டியது. சத்தியமா இல்லை டாக்டர் என்றார், கேட்கிறவர் இல்லை. இரண்டு பெண்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்று அந்தப் பாதம் திரும்புவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது தடவை, ஐந்தாவது தடவை. ஒன்பது மாதம் ஏணியே தொடாத கால், எத்தனை முறைதான் தாங்கும்? ஆறாவது தடவை கடைசிப் படியில் கணுக்கால் சுருக்கென்று இழுத்தது. அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்போ வலிக்குது," என்றார்.

டாக்டர் மனைவியைப் பார்க்கவில்லை. உடனே படிவத்தை எடுத்து, ஏணி இறங்கும்போது வலி, பள்ளம் இறங்கத் தற்போது தகுதியில்லை, மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

லென்ஸ் படிவத்தை வாங்கிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து ஜன்னல் இல்லாத எந்த அறையில் உட்கார்ந்திருப்பார் என்பது அவருக்குத் தெரியும். சண்டை போட வாயெடுத்தார். எந்த வார்த்தையைச் சொன்னாலும் டாக்டர் மனைவியைத்தான் திரும்பிப் பார்ப்பார் என்று தோன்றியது. படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். மனைவி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் மெல்ல வெளியே நடந்தார்கள்.